அப்பா தூதர், மகன் கம்யூனிஸ்டு!

சேந்தமங்கலத்தில் ஒரு பெரிய குடும்பம். அண்ணன், தம்பிகளுக்குள் பாகத் தகராறு. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் தோட்டத்து வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். கைகலப்பு. விஷயம் போலீசு வரை போய்விட்டது.

அதே நாளில், அந்த வீட்டுப் பெரியவர் ராசிபுரத்தில் இருக்கிறார். பேரனுக்குப் பெண் கேட்கப் போயிருக்கிறார். பெண் வீட்டார் காப்பி கொடுத்து உபசரிக்கிறார்கள். பிறகு மெல்லக் கேட்கிறார்கள்:

"உங்கள் வீட்டில் ஏதோ சச்சரவு என்று சொல்கிறார்களே, உண்மையா?"

பெரியவர் என்ன சொல்வார்?

"ஒன்றும் இல்லை" என்றால், அது பொய். நாளைக்கே யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "தம்பி மோசக்காரன்" என்றால், சம்பந்தமும் போகும், மானமும் போகும். வாயை மூடிக்கொண்டு இருந்தால், "சரி, ஏதோ பெரிய சங்கதி இருக்கிறது" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

இது கற்பனைக் குடும்பம். ஆனால், சொந்த நாட்டில் குழப்பம் நடக்கும்போது வெளிநாட்டில் இருக்கும் தூதர்கள் எல்லோரும் இந்தப் பெரியவரைப் போலத்தான் தவிக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து மக்களுக்குத் தூது புதிது அல்ல. சேந்தமங்கலத்துக்கு எதிரே நிற்கும் கொல்லிமலையை ஓரி ஆண்டான். வடக்கே தகடூரை அதியமான் ஆண்டான். தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அவ்வையார். தூதர் எப்படி இருக்க வேண்டும் என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதி வைத்தார்.

அவ்வையாருக்கு எஜமானன் ஒருவன்தான். இந்தக் காலத்துத் தூதருக்கு அப்படி இல்லை. இன்று ஒரு கட்சி ஆளும். நாளை அதைத் திட்டிய கட்சி ஆளும். சில நாடுகளில், இரவு படுக்கும்போது மந்திரிசபை இருக்கும். காலையில் எழுந்தால் பட்டாளத்தின் ஆட்சி நடக்கும்.

யாருடைய ஆள்?

அப்படியானால், தூதர் யாருடைய ஆள்?

இந்தியத் தூதர் ஒரு நாட்டுக்குப் போகும்போது கையில் ஒரு கடிதம் கொண்டுபோகிறார். "இவர் என் நம்பிக்கைக்கு உரியவர். இவர் சொல்வதை நம்புங்கள்" என்பது அதன் சாரம். அதில் கையெழுத்துப் போடுகிறவர் ஜனாதிபதி. பிரதமர் அல்ல. ஆளும் கட்சியின் தலைவரும் அல்ல. நம் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அதிலும் ஜனாதிபதியின் பெயரால்தான் எழுதி இருக்கிறது. காங்கிரஸ்காரர் பாஸ்போர்ட், தி.மு.க.காரர் பாஸ்போர்ட் என்று தனித்தனி நிறம் கிடையாது.

இது பெரிய இடத்துச் சமாசாரம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். திருச்செங்கோட்டில் இருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போகின்றன. நாமக்கல், சேலம் பிள்ளைகள் துபாயிலும், மலேசியாவிலும் வேலை செய்கிறார்கள். அங்கே முதலாளி சம்பளம் கொடுக்காவிட்டால் எங்கே போவது? பாஸ்போர்ட் தொலைந்தால்? ஒருவர் இறந்துபோய், உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றால்? இந்தியத் தூதரகத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். "நீ எந்தக் கட்சி?" என்று அந்தக் கதவு கேட்க ஆரம்பித்தால், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்க்குத் தூக்கம் வராது.

குமாரமங்கலம் வீடு

சேந்தமங்கலத்தில் இருந்து நாமக்கல் வழியாக மேற்கே போனால் திருச்செங்கோடு வரும். அதற்குப் பக்கத்தில் குமாரமங்கலம். அந்த ஊர் ஜமீன்தார், டாக்டர் பி.சுப்பராயன். 1889-ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர்.

அவருடைய மனைவி ராதாபாய், மங்களூரைச் சேர்ந்தவர். தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பள்ளிக்கூடம் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். சுப்பராயன், கொங்கு வேளாளர். ராதாபாய், சாரஸ்வத பிராமணர். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த கலப்பு மணம்! லண்டனில் 1930-ல் கூடிய வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன 2 பெண்களில் ராதாபாய் ஒருவர்.

சுப்பராயன் 1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல்-மந்திரி ஆனார். அப்போது அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. "சுயராஜ்யக் கட்சி" பதவி ஏற்க மறுத்ததால், கவர்னர் இவரை அழைத்தார். சைமன் கமிஷன் விவகாரத்தில் சக மந்திரிகள் 2 பேர் ராஜினாமா செய்தார்கள். இவர் வேறு 2 பேரை வைத்துக்கொண்டு 1930 வரை ஆட்சியில் இருந்தார். பிறகு காங்கிரசில் சேர்ந்தார். ராஜாஜி மந்திரிசபையில் 1937 முதல் 1939 வரை கல்வி மந்திரி. 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் உள்துறை மந்திரி. அதாவது, போலீசு இலாகா அவர் கையில்.

பிள்ளைகளைப் பாருங்கள். மூத்த மகன் பி.பி.குமாரமங்கலம், ராணுவ அதிகாரி. பிற்காலத்தில் (1966 முதல் 1969 வரை) இந்தியாவின் தரைப்படைத் தளபதியாக இருந்தவர். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டு ஆனவர். 1940-41-ல் "சென்னைச் சதி வழக்கில்" சிக்கி, சிறைக்குப் போனார். மகள் பார்வதியும் கம்யூனிஸ்டு. அவர் மணந்த என்.கே.கிருஷ்ணனும் கம்யூனிஸ்டு.

1942-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் வட ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் படையில் சண்டை போட்டு, எதிரிகளிடம் பிடிபட்டார். அப்பாவின் காங்கிரஸ் கட்சி, "வெள்ளையனே வெளியேறு" என்று போராடியது. மோகனின் கம்யூனிஸ்டு கட்சி, "ரஷியாவும் போரில் இருக்கிறது, ஆகவே இது மக்கள் யுத்தம்" என்று சொல்லி, போரை ஆதரித்தது. ஒரே சாப்பாட்டு மேஜையில் இத்தனை கொள்கை! அந்த வீட்டுச் சமையல்காரர்தான் பாவம்.

ஜகார்த்தாவில் அப்பா

சுதந்திரம் வந்தது. வந்த வேகத்தில் குழப்பமும் வந்தது.

1948-ல் கம்யூனிஸ்டு கட்சி, "இது உண்மையான சுதந்திரம் அல்ல" என்று போராட்டத்தில் குதித்தது. தெலுங்கானாவில் துப்பாக்கி வெடித்தது. சென்னை மாகாணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 1949-ல் இங்கே கட்சிக்கே தடை போட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஓமந்தூரார் போய், குமாரசாமி ராஜா முதல்-மந்திரி ஆனார். செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. அரிசிக்கு ரேஷன்.

இந்த நேரத்தில்தான் சுப்பராயனை இந்தோனேஷியாவுக்குத் தூதராக நேரு சர்க்கார் அனுப்பியது. "ஸ்தானீகர்" என்று அன்றைய பத்திரிகைகள் எழுதும். 1949 முதல் 1951 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

அது சாதாரண நாடு அல்ல. டச்சுக்காரர்களிடம் இருந்து 1949 டிசம்பர் 27-ந்தேதிதான் ஆட்சி கைமாறியது. அடுத்த மாதமே பாண்டுங் நகரில் வெஸ்டர்லிங் என்ற டச்சுத் தளபதி கலகம் செய்து பார்த்தான். ஏப்ரலில் அம்பொன் தீவு தனி நாடு கேட்டது. 1950 ஆகஸ்டு 17-ந்தேதி, கூட்டாட்சியைக் கலைத்துவிட்டு ஒரே குடியரசு ஆனது. கம்யூனிஸ்டுகள் அங்கேயும் 1948-ல் மாடியூன் என்ற ஊரில் கலகம் செய்து, அடக்கப்பட்டு இருந்தார்கள்.

அங்கே தமிழர்களும் இருந்தார்கள். சுமத்ரா தீவில் மேடான் நகரம். புகையிலைத் தோட்ட வேலைக்காகக் கப்பல் ஏறிப் போன தமிழர்களின் சந்ததி. அந்த ஊரில் மாரியம்மன் கோவில் உண்டு. அங்கேயே பிறந்து டச்சுப் பிரஜைகளாக இருந்த அன்னிய வம்சத்தாருக்கு 1949 டிசம்பர் முதல் 2 ஆண்டு அவகாசம். இந்தோனேஷியப் பிரஜையாக இருப்பதா, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதா? அதற்குள் முடிவு செய்ய வேண்டும். சுப்பராயன் தூதராக இருந்த காலமும் அதுவே.

இந்தியா முதலாவது குடியரசு தினம் கொண்டாடியது 1950 ஜனவரி 26-ந்தேதி. சிறப்பு விருந்தாளி யார்? இந்தோனேஷிய ஜனாதிபதி சுகர்ணோ! டெல்லியில் பீரங்கி மரியாதை. இரு நாடும் கைகோத்து நின்றன.

சரியாக 16-வது நாள். பிப்ரவரி 11-ந்தேதி.

சேலம் மத்திய சிறை. உள்ளே கம்யூனிஸ்டு கைதிகள். மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்ததால், பலர் மலையாளிகள். கைதிகளுக்கும் சிறை அதிகாரிகளுக்கும் தகராறு. துப்பாக்கிச் சூடு. 22 கைதிகள் பிணமானார்கள்.

குமாரமங்கலம் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. சேந்தமங்கலமும் அப்படித்தான். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல். ஆக, தூதரின் சொந்த ஜில்லாவில், தூதருடைய மகனும் மகளும் சேர்ந்திருந்த கட்சியின் ஆட்கள் 22 பேர், தூதருடைய கட்சியின் ஆட்சியில் சுடப்பட்டுச் செத்தார்கள்.

ராசிபுரத்துத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவரின் கஷ்டம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

சந்தேகப்படவில்லை

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "மகன் கம்யூனிஸ்டு, மகள் கம்யூனிஸ்டு, மருமகனும் கம்யூனிஸ்டு. ரகசியம் எல்லாம் தெரிகிற பதவியை இவரிடம் கொடுக்கலாமா?" என்று டெல்லி தயங்கி இருக்கலாம். தயங்க நியாயமும் இருந்தது. தடை போட்டது வெறும் மேடைப் பேச்சுக்காக அல்ல. ஆயுதம் எடுத்த கட்சி அது. ஆனாலும், அவரை அனுப்பினார்கள்.

(உள்ளூரில் தொல்லை கொடுக்கக் கூடிய பெரிய மனிதர்களைத் தூதர் ஆக்கிக் கப்பல் ஏற்றுவது உலகம் எங்கும் உள்ள வழக்கம். சுப்பராயன் விஷயத்தில் அப்படி என்று சொல்வதற்கு இல்லை. அப்படியே இருந்தாலும், நம்பத் தகாதவரை யாரும் சுகர்ணோவிடம் அனுப்பமாட்டார்கள்.)

1951 மார்ச் 3-ந்தேதி ஜகார்த்தாவில் இந்திய-இந்தோனேஷிய நட்பு ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று.

அந்த 22 பேருக்காகத் தூதர் வாய் திறந்து இருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தூதராக இருந்துகொண்டு, தன்னை அனுப்பிய சர்க்காரை வெளிநாட்டு மேடையில் கண்டிக்க முடியாது. மனம் கேட்காவிட்டால் ரகசியமாக எழுதலாம். அதுவும் போதாது என்றால், ராஜினாமா செய்யலாம்.

ஆனால், எல்லாக் குழப்பமும் ஒன்று அல்ல. 1950-ல் சென்னை சர்க்கார் கடுமையாக நடந்தது உண்மை. அதே சமயம், கதவுகள் எல்லாம் அடைபடவில்லை. "கிராஸ் ரோட்ஸ்" என்ற இடதுசாரிப் பத்திரிகைக்குச் சென்னை சர்க்கார் தடை போட்டது. அந்தத் தடை செல்லாது என்று 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. 1952-ல் தேர்தல் நடந்தது. தடை நீங்கிய கம்யூனிஸ்டு கட்சி சென்னைச் சட்டசபையில் 62 இடங்களைப் பிடித்தது. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கோர்ட்டும் ஓட்டுப் பெட்டியும் திறந்து இருக்கும் வரை, தூதர் தன் நாற்காலியில் உட்கார்ந்து இருக்கலாம். அவர் காப்பாற்றுவது ஒரு மந்திரிசபையை அல்ல. அந்தக் கோர்ட்டும் ஓட்டுப் பெட்டியும் இருக்கிற நாட்டை.

இரண்டும் அடைபட்டால்?

காரில் கழிந்த இரவு

பர்மாவில் (மியான்மர்) 2020 நவம்பரில் தேர்தல். ஆங் சான் சூகியின் கட்சிக்குப் பெருவெற்றி. 2021 பிப்ரவரி 1-ந்தேதி பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. சூகி கைது.

ஐ.நா. சபையில் பர்மாவின் தூதர் கியாவ் மோ துன். பிப்ரவரி 26-ந்தேதி பொதுச்சபையில் எழுந்தார். பட்டாள ஆட்சியைக் கண்டித்தார். பேச்சை முடித்து, 3 விரல்களை உயர்த்திக் காட்டினார். மறுநாளே பட்டாளம் அவரை நீக்கியது. ஐ.நா. அந்த நீக்கத்தை ஏற்கவில்லை, "யார் உண்மையான தூதர்?" என்ற முடிவை ஆண்டுதோறும் தள்ளிவைத்தது. அவரே நாற்காலியில் நீடித்தார்.

லண்டனில் இருந்த பர்மியத் தூதர் கியாவ் ஸ்வார் மின்னுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சூகியை விடுதலை செய்யச் சொன்னார். ஏப்ரல் 7-ந்தேதி அவர் வெளியே போன சமயம் பார்த்து, அவருக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரியே தூதரகத்தைப் பிடித்துக்கொண்டார். தூதருக்குக் கதவு திறக்கவில்லை. அன்று இரவைத் தெருவில், தன் காரிலேயே கழித்தார்.

கல்கத்தாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் பட்டாளம் கொலைவெறி ஆடியது. கல்கத்தாவில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதர் உசேன் அலி, ஏப்ரல் 18-ந்தேதி பாகிஸ்தான் கொடியை இறக்கினார். பங்களாதேசக் கொடியை ஏற்றினார். அவரோடு வங்காளி ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜெயித்தவர்கள் கட்சியில் ஆள் சேர்வது சுலபம். அவர் சேர்ந்தபோது வங்கதேச சர்க்கார் பதவி ஏற்று ஒரு நாள்தான் ஆகி இருந்தது!

பாஸ்போர்ட் பறிப்பு

அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதையை மறைக்கக் கூடாது.

1975 ஜூன் 25-ந்தேதி இரவு, இந்தியாவில் நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31-ந்தேதி கலைக்கப்பட்டது. நடக்க வேண்டிய பாராளுமன்றத் தேர்தல் தள்ளிப்போனது. "என்னை ஏன் சிறையில் வைத்தாய்?" என்று கைதி கேட்கவே முடியாது என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

அப்போது அமெரிக்காவில் இந்தியத் தூதர் டி.என்.கவுல். நல்ல அனுபவசாலி. அவர் அங்கே நெருக்கடி நிலைக்காக வாதாடினார். அமெரிக்காவில் இருந்தபடி அதை எதிர்த்த இந்தியர் சிலருடைய பாஸ்போர்ட்டுகள் முடக்கப்பட்டன. எந்தக் கதவு குடிமகனைக் காக்க வேண்டுமோ, அந்தக் கதவே அவனை அன்னிய மண்ணில் அனாதை ஆக்கியது. மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிவது வேறு. மேடை ஏறி அதைப் புகழ்வது வேறு. கவுல் பேசாமல் இருந்திருந்தாலே புண்ணியம்.

1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. பிரபல வக்கீல் பல்கிவாலாவை அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பியது. இவர் 1975-ல் இந்திராவின் தேர்தல் வழக்கை எடுத்தவர். நெருக்கடி நிலை வந்ததும் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட மனிதரைத் தேர்ந்தெடுத்தது நல்ல காரியம்.

ஆனால், அதே ஜனதா சர்க்கார் 1977 ஜூலையில் என்ன செய்தது? இந்திராவின் மருமகள் மேனகாவின் பாஸ்போர்ட்டை முடக்கியது! காரணம் கேட்டார். "பொது நலனுக்காகச் சொல்ல முடியாது" என்றார்கள். மேனகா கோர்ட்டுக்குப் போனார். அரசாங்கம் இஷ்டம் போல் பாஸ்போர்ட்டைப் பறிக்க முடியாது. நியாயமான முறை வேண்டும். சம்பந்தப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1978 ஜனவரி 25-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இன்றைக்கும் துபாயில் வேலை செய்யும் சேந்தமங்கலத்துப் பையனுக்குக் காப்பு அந்தத் தீர்ப்புதான். பிரதமரின் மருமகளாக இருந்தவர் போட்ட வழக்கு, பாமரனுக்கும் கை கொடுக்கிறது.

எதிர் எதிர் வரிசை

சுப்பராயன் 1951-ல் ஊர் திரும்பினார். சொந்த அபிப்பிராயத்தை விட்டுக்கொடுக்காத சுபாவம் போகவில்லை. 1938-ல் பள்ளிக்கூடங்களில் கட்டாய இந்தி வந்தபோது கல்வி மந்திரியாக இருந்தவர் அவரே. ஆனால், ஆட்சிமொழிக் கமிஷன் 1956-ல் அறிக்கை கொடுத்தபோது, கமிஷனின் முடிவு தனக்குச் சம்மதம் இல்லை என்று தனிக்குறிப்பு எழுதிய 2 பேரில் அவர் ஒருவர். இன்னொருவர், வங்காளத்து மொழி அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி.

மோகன் பிற்காலத்தில் கம்யூனிஸ்டு கட்சியை விட்டு விலகினார். 1971-ல் இந்திரா மந்திரிசபையில் உருக்குத்துறை மந்திரி ஆனார். 1973-ல் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் மாண்டார். மோகனின் மகன் ரங்கராஜன், சேலத்தில் இருந்து காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போய், பிறகு வாஜ்பாய் ஆட்சியில் மந்திரியானது தனிக் கதை.

பார்வதி மட்டும் கட்சி மாறவில்லை.

1954-ல் சுப்பராயன் டெல்லி மேல்-சபைக்குப் போனார். காங்கிரஸ். அதே ஆண்டில் பார்வதியும் அதே சபைக்குப் போனார். கம்யூனிஸ்டு. 1957 பொதுத்தேர்தலில் அப்பா திருச்செங்கோட்டில் ஜெயித்தார். மகள் கோவையில் ஜெயித்தார். இந்தத் தடவை இருவரும் லோக்சபையில். 1959-ல் அப்பா மத்திய மந்திரி ஆனார். போக்குவரத்து, தபால்-தந்தி இலாகாக்கள். 1962 வரை, மந்திரிகள் வரிசையில் அப்பாவும், எதிர் வரிசையில் மகளும் உட்கார்ந்து இருந்தார்கள்.